டோமே வீட்டுக் கிறீச்

கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை இருந்த இருநூற்றுச் சொச்சம் வருஷமும் அந்த ஜப்பானியத் தீவுக்காரர்கள் தங்கள் மலைக்கோயிலைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பாகமாக ஒளித்து வைத்திருந்தார்கள். தடை நீங்கியதும் அவரவர் பாகத்தைக் கொண்டுவந்து கொடுக்க, கோயில் பழையபடி எழுந்தது. மலையை ஒளித்த குடும்பம் மட்டும் பிரேசிலுக்குப் போய்விட்டது. அதனால் கோயில் அதே உயரத்தில் அந்தரத்தில் நின்றது. படிக்கட்டை ஒளித்தவர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்ததால் ஏறி இறங்க ஒரு கஷ்டமும் இல்லை.

டோமேயின் வீட்டில் ஒளித்தது கதவின் கிறீச் சத்தம். ஏழு தலைமுறையாக முள்ளங்கி ஊறுகாய் ஜாடியில் வைத்துக் காப்பாற்றினார்கள். பக்கத்து வீட்டு ஷினோவுக்கு வாய்த்ததோ மணியோசை! நாளுக்கு மூன்று தடவை மணி அடிக்கும்போதெல்லாம் ஷினோ கொண்டையைச் சரிசெய்துகொண்டு நாலு பக்கமும் பார்ப்பாள். டோமேக்கு வயிறு பற்றி எரியும். அட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்ததில் கிறீச் என்ன, டாண் என்ன?

போதாக்குறைக்கு, கதவுக்கு எண்ணெய் போடப்போவதாகப் பங்குச்சாமியார் அறிவித்தார். பிரசங்கத்துக்கு இடைஞ்சலாம்.

"அப்போ எங்க வீட்டுப் பங்கு என்னாகும் சாமி?" என்றாள் டோமே.

"மறுபடியும் ஜாடியில போட்டு வெச்சுக்கோங்கம்மா."

சனிக்கிழமை மத்தியானம் டோமே இரண்டு ஜாடிகளோடு படியேறினாள். ஒன்றில் கிறீச்சைப் பிடித்தாள், மற்றதில் மணியோசையைப் பிடித்தாள். இடம் மாற்றி ஊற்றிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மணி கிறீச்சென்றது. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் பூசைக்குக் கிளம்பினார்கள். டோமே தலை நிமிர்ந்து நடந்தாள். ஆனால் கோயில் கதவைத் தள்ளிய ஒவ்வொருவருக்கும் டாண் என்று கேட்டது. "ஆகா, ஷினோ வீட்டு மணி ஆளுக்கு ஒரு தடவை அடிச்சு வரவேற்குதே!" என்று மெச்சிக்கொண்டே உள்ளே போனார்கள். சாமியாரும் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டார். முன்பு நாளுக்கு மூன்று தடவை எரிந்த வயிறு இப்போது தலைக்கு ஒரு தடவை எரிந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, கப்பலிலிருந்து ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். இவாவோ என்று பெயர். துணி மூட்டையை அவிழ்த்து, "தாமதத்துக்கு மன்னிக்கணும், மலை எங்க வீட்லதான் இருந்தது" என்று சொல்லி, அதைக் கோயிலுக்கு அடியில் செருகினார். அளவு சரியாக இருந்தது. சனம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மணியையும் கதவையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷினோ முதல்முறையாக டோமேயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிய மலையைக் கொண்டுவந்துட்டாராம்."

"ஆமா, இத்தனை நாள் அது இல்லாம நாம என்ன விழுந்தா போயிட்டோம்?" என்றாள் டோமே.

மறுநாள் மத்தியானம் இருவரும் ஆளுக்கு ஒரு ஜாடியோடு மலையடிவாரத்துக்குப் போனார்கள். பாதி மலையை அள்ளியதும் இரண்டு ஜாடிகளும் நிறைந்துவிட்டன. ஷினோ வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு எடுத்துவந்தாள்.