நாலாவது கம்பி

கோதண்டம் மாமா வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து எழிலரசனின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது. காவேரி அங்கே நின்றாள். உட்காரச் சொல்லி மூன்று பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த பேஸ் கிட்டார் எல்லோர் கண்ணிலும் படும். அதன் கம்பிகளுக்கு அடியில் காலையில் அவள் செருகிய ரோஸ் நிற ஸ்பாஞ்சுத் துண்டு அப்படியே இருந்தது.

"கூடப் பொறந்தவளப் பாரு, நட்டுவச்ச கம்பமாட்டம் நிக்கிறா," என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அழுவக்கூட மாட்றா."

"ராத்திரி பூரா கம்பெனி லைன்ல நின்னுட்டு வந்தவ. கண்ணுல தண்ணி எங்கேருந்து வரும்?" என்றாள் எதிர்வீட்டு சந்திரம்மாள்.

மாமா முடிச்சுப் போடுவதை நிறுத்தி, எழிலின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது, வெரலு இப்பிடிக் கன்னிப் போயிக்கீது?"

ஆள்காட்டி விரலின் நுனி சிவந்து தடித்திருந்தது. நடுவில் தோல் வழன்று, நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு.

"கிட்டாரு தட்றவன் வெரலு அப்பிடித்தான் மாமா இருக்கும்," என்றான் பக்கத்தில் நின்ற பங்காளி ஒருவன். மாமா தலையாட்டிவிட்டு முடிச்சை இறுக்கினார்.

காவேரிக்குத் தெரியும், அது அப்படி இருக்காது. வாசித்துக்கொண்டிருந்த நாளில் அவன் விரல் நுனிகள் காய்ப்பேறி, தீக்குச்சி சுட்டாலும் உறைக்காத அளவுக்கு இருந்தன. படுக்கையில் விழுந்த இரண்டாம் மாதமே அந்தக் காய்ப்பு உரிந்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி உரித்து எடுத்தவள் அம்மாதான். அதற்குப் பிறகு குழந்தை விரல்போல ஆகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம்கூட அந்தக் கையை மடியில் வைத்து நகம் வெட்டியவள் காவேரிதான்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அம்சவல்லி தலையைத் தூக்கினாள். தவழ்ந்து முன்னால் வந்து, கட்டிய கைகளைப் பிடித்து, முந்தானையால் அந்த விரலைத் துடைத்தாள். கோடு போகவில்லை. மறுபடி துடைத்தாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பியத் தட்லியாடி அவன்?"

"தட்லம்மா," என்றாள் காவேரி.

காதில் விழவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தட்டவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த கிட்டார் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். மறைமலை நகரில் வேலை பார்த்த வடநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போனது. எழில் அதை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினான். கைமாறி வந்த மாட்டுக்கு இருக்கும் குணமெல்லாம் அதற்கும் இருந்தது. ஒயர் செருகும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால்தான் ஸ்பீக்கரில் சத்தம் வரும். கழுத்தில் லேசான வளைவு. முதல் மூன்று கம்பிகளும் ஒரு செட்டு. எல்லாவற்றிலும் தடித்த நாலாவது கம்பி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அதை முறுக்கும் சாவிக்குப் பிடிமானம் கிடையாது, காலையில் முறுக்கி வைத்தால் சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும். கம்பிகளில் அழுக்கேறிச் சத்தம் மங்கிவிட்டால் எழில் நாலையும் கழற்றிச் சுருட்டி, சோற்றுப் பானையில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பான். துடைத்து மாட்டியதும் பழையபடி கணீரென்று பேசும்.

"இன்னாடா அது, கம்பி ரசமா?" என்பாள் அம்மா.

"ஒரு கொதி வந்ததும் எறக்கிட்றேன்மா. கொத்தமல்லி வேணாம்."

நாலைந்து கம்பெனிப் பையன்கள் சேர்ந்து இசைக்குழு வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளில், ஆடியில் அம்மன் கோயில்களில் வாசித்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஷிப்டு முடிந்து வரும்போது மழையில் பைக் சறுக்கி எழிலுக்குக் கழுத்தெலும்பு நொறுங்கியது. உயிர் வந்தது, குரல் வரவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் வலது முன்கையும் அதன் விரல்களும் மட்டும் அசைந்தன.

கூப்பிட டம்ளரும் கரண்டியும் வைத்துப் பார்த்தார்கள். கரண்டி கையிலிருந்து நழுவியது. குழுவில் ரிதம் பேட் வாசிக்கும் மணிகண்டபிரபுதான் யோசனை சொன்னான். கட்டிலை ஒட்டி முக்காலி போட்டு, அதன்மேல் கிட்டாரை நிமிர்த்தி, தலைப்பக்கம் பீரோவில் முட்டும்படி சாய்த்து நைலான் கயிற்றால் கட்டினான். நாலாவது கம்பியைத் தட்டினால் பீரோவின் தகரமே வாங்கிப் பேசியது. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் தட்டினால் குழாயில் சளி அடைக்கிறது, மெஷினை வைத்து உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். இரவில் அம்மா பீரோவில் முதுகை ஒட்டித்தான் படுப்பாள். "காது அசந்தாலும் முதுவு அசராது," என்பாள்.

ஒரே ஒரு தொல்லை. தொய்ந்த அந்தக் கம்பி லாரிக்கும் பேசியது. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் பாரம் ஏற்றிய கண்டெய்னர் வந்து, தெருமுனை வேகத்தடையில் உறுமிக்கொண்டு ஏறும்போது கம்பி தானாக அதிரும். காவேரி ஓடி வருவாள். எழில் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "லாரி" என்பான். அப்புறம் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் குழாய் வழியாகக் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வரும்.

அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. எட்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அந்த நேரம் காவேரியுடையது. நைட் ஷிப்டு வாரத்தில், சுங்குவார்சத்திரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏழரைக்கு வந்து இறங்கி, இரண்டு மணிவரை அரைத்தூக்கம் தூங்குவாள். முந்தாநாள் லைனில் நின்றபடியே கண்ணயர்ந்து ஒரு சர்க்யூட் போர்டைத் தலைகீழாக வைத்துவிட்டாள். லைன் நின்றது. "இன்னொருவாட்டி ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது காவேரி," என்று சூப்பர்வைசர் சசிகலா சொல்லியிருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் மெஷின் வாடகையும் போய்க்கொண்டிருந்தது.

இன்று காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் அவள் ஆறு முறை எழுந்து ஓடினாள். ஆறும் லாரி. ஏழாவது முறை சமையலறைக்குப் போய் ஸ்பாஞ்சை எடுத்து வந்தாள். கம்பெனியில் போர்டுகள் அடுக்கி வரும் பெட்டிக்குள் இருப்பது, குப்பைக்குப் போகிறதென்று பெண்கள் கேட்டு வாங்கி வருவார்கள். வீட்டில் மிக்ஸிக்கு அடியில், கதவிடுக்கில், எங்கும் அதுதான். ஒரு துண்டைக் கிழித்து, கம்பிகளுக்கு அடியில் அழுத்திச் செருகினாள்.

எழில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மணி நேரம்டா. லாரித் தொல்ல தாங்கல. வேணும்னா பலமா தட்டு, வந்துடுறேன்."

அவன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். சரி என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு உதட்டை அசைத்தான். தூங்குக்கா.

உள்ளறையில் பாயைப் போட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, போனில் பத்து மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தாள். அலாரம் அடித்ததா, தானே அணைத்தாளா, ஞாபகமில்லை. விழித்தபோது பன்னிரண்டரை. அவன் கை கம்பியின்மேல் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. பக்கத்துத் தெரு நர்ஸ் ஒருத்தி வந்து குழாயைப் பார்த்து, "சளி அடச்சிருக்கு," என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கூடம் ஒரு நிமிஷம்கூடக் காலியாகவில்லை.

நாலு மணிக்கு மணிகண்டபிரபு வந்தான். யூனிஃபாரத்தைக்கூட மாற்றவில்லை, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். எழிலின் காலைத் தொட்டுவிட்டுச் சுவரோரமாகக் குந்திக்கொண்டான். வாசலில் தப்படிப்பவர்கள் தோலைத் தீயில் காய்ச்சி எடுத்து முதல் அடி அடித்தார்கள். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. மணிகண்டபிரபு மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"எக்கா, கொஞ்சம் தள்ளுங்க."

காவேரி நகரவில்லை.

"தப்புச் சத்தத்துக்கு இது அதிரணும்லா? ஒண்ணுமே கேக்கலயே." எழுந்து வந்து, அவள் தோளுக்குப் பக்கமாகக் குனிந்து பார்த்தான். "ஸ்பாஞ்சு வச்சிருக்கு."

அவள் எழிலின் கட்டிய கைகளைப் பார்த்தாள்.

"நீங்க வச்சுக் குடுத்தீங்களாக்கா? அவன் கேட்டானா?"

அம்மா கால்மாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள் காவேரி.

மணிகண்டபிரபு வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கூடத்தில் இருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தான். "பழைய ஆளுங்க இப்படித்தான் ஸ்பாஞ்சு வச்சு வாசிப்பாங்க. நாதம் இழுக்காம டொப்பு டொப்புன்னு அளவா நிக்கும். இவன் ஆரம்பத்துலேந்தே அதத்தான் கேட்டுட்டுக் கெடந்தான். நாந்தான், கோயில் மைதானத்துல எடுபடாதுல, வேண்டாம்னு தடுத்தேன். இப்பிடிப் படுத்துக் கெடந்தும் வாசிக்கணும்னு நெனச்சிருக்கான் பாருங்க. அதான் வெரலு கன்னியிருக்கு. காலைல வாசிச்சிருக்கான்."

"பாவம், கடைசி வரிக்கும் பாட்டு நெனப்புதான்," என்றாள் சந்திரம்மாள், மூக்கைச் சிந்தி.

அவன் இரண்டு விரலால் ஸ்பாஞ்சை உருவி எடுத்தான். நாலாவது கம்பி இருந்த இடத்தில் அது பாதிக்கு மேல் அறுந்திருந்தது. மற்ற மூன்று இடங்களில் லேசான பள்ளம் மட்டும். வாசலில் தப்பு விழுந்தது. இந்த முறை கம்பி அதிர்ந்து, பீரோ உம்மென்றது. கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் கையை ஊன்றிப் பாதி எழுந்து, எழில் முகத்தைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்தாள்.

"இது அவன் கூடவே போவட்டும்," என்று மணிகண்டபிரபு ஸ்பாஞ்சை எழிலின் சட்டைப் பையில் வைத்தான்.

அம்மா கையை நீட்டி அதை வெளியே எடுத்தாள். அறுந்த இடத்தை விரலால் பிளந்து பார்த்தாள். "அவனுக்கு எதுக்கு தம்பி இது," என்று சொல்லிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கோதண்டம் மாமா கடைசியாகப் போனார். போகும்போது கட்டிலைக் கழற்றி வைத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள் அம்மா. மெஷினை வாடகைக் கடைக்காரன் வந்து எடுத்துப் போனான். கழுவிவிட்ட கூடத்தில் கட்டிலும், முக்காலியும், பீரோவில் சாய்ந்த கிட்டாரும் மட்டும் இருந்தன.

மணி பதினொன்று. காவேரி கட்டிலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் ஒரு கண்டெய்னர் வேகத்தடையில் ஏறியது. கம்பி அதிர்ந்தது.

"தோ வரேன்டா," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

பாத்திரச் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா ஈரக்கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். காவேரி முழங்காலிட்டு எழுந்திருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா, நேத்து நான் அவன…"

"லாரி," என்றாள் அம்மா.

"இல்லம்மா, நான்தான் அந்த…"

"லாரிதான்டி. படு. மூணு நாளா தூங்கல நீ."

பாயை எடுத்து வந்து கூடத்திலேயே, கட்டிலுக்கு அந்தப் பக்கமாக விரித்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். காவேரி படுத்தாள். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்தாள். கிட்டாரின் முன்னால் குந்தி, அறுந்த பக்கம் மேலே வராமல் திருப்பி, நாலாவது கம்பிக்கு அடியில் முதலில் கொடுத்து, பிறகு மற்ற மூன்றுக்கும் அடியில் தள்ளினாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

அடுத்த லாரி வந்தது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கி அடங்கின. கம்பி பேசவில்லை.

அம்மா சமையலறைக்குத் திரும்பவில்லை. கால்களை நீட்டி, பீரோவில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.