கழுவு தொட்டியில் டார்சியின் தாடி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாரன் சொன்னது. "யார்ட்டயும் சொல்லிராதய்யா" என்றும் சொன்னான். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தவிர, ரகசியத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன் அதைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொண்டுவந்து கொட்டமாட்டான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

முர்ரே ஆற்றின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி ஊற்ற, வாரன் தன் கேமராவைத் தோளில்

நிறுத்திவிட்டேன். ஆற்றில் யாரும் எதையும் உருக்கி ஊற்றவில்லை. பழுப்புத் தண்ணீர், அதில் இரண்டு கூழைக்கடா. அவ்வளவுதான். இந்த மாதிரி வாக்கியம் எழுதுகிறவனும் வாரனும் ஒரே ரகம்.

இன்னொன்று:

வாரன் நல்லவன்தான், ஆனால்

'ஆனால்' வந்து உட்கார்ந்த பிறகு நல்லவனுக்கு அங்கே இடமில்லை. அதையும் விட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

வாரனுக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் வேலை. வருடக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்ததற்காக மூன்று மாத விடுப்பு கிடைத்தது. ஜூலை முதல் சனிக்கிழமை சக்கரம் வைத்த வீடான கேரவனைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு, கண்டத்தின் மறுகோடிக் கடலோரத்தில் இருக்கும் புரூம் வரை போவதாகத் திட்டம். வாரன், அவன் மனைவி க்ளெனிஸ், க்ளெனிஸின் அண்ணன் டார்சி மூவரும் சேர்ந்து போட்ட திட்டம். டார்சி மார்ச்சில் செத்துப்போனான். மீதி இரண்டு பேர் கிளம்புகிறார்கள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மற்றவர்கள் டயரைப் பார்ப்பார்கள், எண்ணெய் மாற்றுவார்கள். வாரன் கேமராப் பையை க்ளெனிஸின் மாவுத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். ஒரு லென்ஸை எடுப்பான், நிறுப்பான், திரும்ப வைப்பான். கேரவனில் குளிர்பெட்டியே போகிறது. இவனுக்கு இருநூறு கிராமில் கவலை.

அதற்கு முந்தின மாதம், புதிதாக வாங்கிய லென்ஸைச் சோதிக்கத் துணி காயப்போடும் கொடியில் இருந்த மஞ்சள் கிளிப்பைப் படம் எடுத்தான். ஒரே கிளிப், இரண்டு வாரம். காலையில் வேலைக்குப் போகுமுன் முப்பது, சாயங்காலம் வந்ததும் முப்பது.

"நகரு, சட்டை காயப்போடணும்" என்றாள் க்ளெனிஸ்.

"போடு. அந்த மஞ்சக் கிளிப்ப மட்டும் தொடாத."

"வேலைக்குப் போட்டுக்க உனக்கு ஒரு சட்ட இல்ல. நாளைக்கு மஞ்சக் கிளிப்ப மாட்டிக்கிட்டுப் போறியா?"

"வெளிச்சம் போகுது க்ளென், பேச்சுக் குடுக்காத."

"உனக்கு எப்பத்தான் வெளிச்சம் போகல."

(இதை நான் கற்பனை செய்யவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது தகர வேலி.)

அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கேரவன் கதவின் உட்பக்கம் ஒட்ட டார்சியின் படம். ஏதோ ஒரு படம் இல்லை, எழுபதாவது பிறந்தநாள் படம்.

3

பிறந்தநாளைச் சொல்லவேண்டும். பிப்ரவரி, நல்ல வெயில். இடம் வாரன் வீட்டுக் கொல்லை. ஆட்டுக்கறி சுட்டது நான். டார்சிக்கு முப்பது வருடத் தாடி. எழுபது வரை உயிரோடு இருந்தால் எடுத்துவிடுகிறேன் என்று எப்போதோ க்ளெனிஸிடம் பந்தயம் கட்டியிருந்தான். அன்று விருந்து நடுவில் எழுந்து குளியலறைக்குப் போனான், மழித்துக்கொண்டு வந்தான். கொல்லையே ஆர்ப்பரித்தது. ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள்.

"போனையெல்லாம் உள்ள வைங்கப்பா" என்றான் வாரன். "மூஞ்சிமேல மூஞ்சியா நிக்காதீங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

எல்லோரும் கீழ்ப்படிந்தோம். கழுத்தில் இரண்டு கேமரா தொங்குகிறவனிடம் யார் வாதாடுவது.

டார்சி மறுநாள் ஆற்றுக்கு மேலே இருக்கும் தன் பழத்தோட்டத்துக்குத் திரும்பிப் போனான். பதினாறு நாளில் மாரடைப்பு. அடக்கத்தில் சவப்பெட்டியைத் திறக்கவில்லை. ஆக, இந்த முப்பது வருடத்தில் தாடியில்லாத டார்சியைக் க்ளெனிஸ் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அப்பாவின் முகம் அப்படியே வந்து நின்றது என்று அன்றைக்குச் சொன்னாள்.

"அந்தப் படம் எங்க?" என்று மார்ச்சில் கேட்டாள். "இன்னும் சரிபண்ணல" என்றான். ஏப்ரலில் கேட்டாள். "நிறம் பாக்கணும்" என்றான். மே மாதம் மஞ்சள் கிளிப் வந்துவிட்டது.

4

பயணத்துக்கு முன்னால் படக்காரர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. மெமரி கார்டுகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வெறுமையாக்குவார்கள். புது ஊருக்குக் காலி கார்டோடு போகவேண்டுமாம். வாரனிடம் ஆறு இருந்தன. மாத்திரை டப்பாவில் மாத்திரை போல அடுக்கி, ஆறையும் துடைத்தான்.

ஐந்தாவது கார்டு பிப்ரவரி.

கணினியில் ஏற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். மறுநாள் காலை அவள் முட்டைத் தட்டை வைத்து, "இந்த வாரமாச்சும் குடுத்திரு" என்றபோது எழுந்துபோய்ப் பார்த்தான். ஏற்றவில்லை. கிளிப்புகள் இருந்தன, எண்ணூற்றுச் சொச்சம்.

முட்டையைத் தொடாமல் வேலைக்குப் போகிறவன்போலக் கிளம்பி, அடிலெய்டுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினான். அங்கே ஒரு கடை, அழிந்த படங்களை மீட்டுத் தருவார்கள்.

"துடைச்சதுக்கப்புறம் இதுல புதுசா ஏதும் எடுத்தீங்களா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"இல்லம்மா. தொடவேயில்ல."

"அப்போ பிழைச்சீங்க. போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

(முந்தைய வரைவில் இந்த இடத்தில் பாதிப் படங்கள்தான் கிடைத்ததாக எழுதியிருந்தேன். டார்சியின் நெற்றி இருக்கும், கீழே சாம்பல் நிறப் பட்டை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். நடந்தது அதுவல்ல.)

எல்லாம் கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படம், ஒரு கீறல் இல்லாமல்.

வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பியர் கோப்பையில் வெயில் உடைவது. மெழுகுவத்திச் சுடர், பின்னால் மங்கலாக யாரோ. டார்சியின் கை. டார்சியின் காது, ஓரத்தில் வெளிச்சக் கோடு. கேக் வெட்டும் கத்தியின் நிழல். பிறகு குளியலறை: கழுவு தொட்டியில் சோப்பு நுரையோடு டார்சியின் தாடி, ஜன்னல் வெளிச்சத்தில். அது மட்டும் பத்தொன்பது படம்.

முகம் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூட இல்லை.

5

இங்கே அடிக்குறிப்பு போல ஒன்று. மூன்று வருடம் முன்பு வாரன் தன் கேமரா கிளப் போட்டிக்கு ஒரு படம் கொடுத்தான். டார்சியும் க்ளெனிஸும் ஒரு மீனைத் தூக்கிப்பிடித்து நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பட்டணத்திலிருந்து வந்த நடுவர், "இது வீட்டு ஆல்பம். இதுல படம் எங்க இருக்கு?" என்று கேட்டு, பதினைந்துக்கு ஆறு போட்டார். அதற்குப் பிறகு வாரன் யாரையும் நேராக எடுத்ததில்லை. பிடரி, முதுகு, நிழல். போன வருடம் வேலியில் விழுந்த க்ளெனிஸின் நிழலுக்குப் பதினான்கு வாங்கினான். அவள் பக்கத்திலேயேதான் நின்றாள்.

6

அடிலெய்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் வேலிக்கு வந்தான். நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அழிஞ்சே போயிருக்கலாம் ஆல்ஃப்."

"ஏன்?"

"தெரியாம அழிச்சிட்டேன்னா அழுவா, திட்டுவா, ஒரு மாசத்துல மன்னிச்சிருவா. அது விபத்து. இது..."

"இது நீ."

"குத்திக்காட்டாதய்யா."

"நான் எங்க குத்துனேன். அந்தத் தாடிப் படத்துக்கு நடுவர் எத்தன போடுவாரு?"

வேலித் தகரத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு மெல்லச் சொன்னான்: "பதினாலு." சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அழிச்சிட்டேன்னே சொல்லிரவா?" என்றான்.

"என்னக் கேக்காத. நான் கோழிக்கிட்டகூடப் பொய் சொல்றதில்ல."

7

இனி முடிவு. நான் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வாரன் பொய் சொல்கிறான், அவள் அழுகிறாள், கேரவன் புறப்படுகிறது. பொய்க்கும் ஒரு இருக்கை போட்டுப் புரூம் வரை கூட்டிப்போகவேண்டும், டார்சியின் இடத்தில். இன்னொன்றில் இருநூற்றுப் பன்னிரண்டையும் காட்டுகிறான். அவள் கடைசிவரை பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல இத்தன வருசமா நீ என்னயும் இப்படித்தான் பாத்தியா?" என்கிறாள். அதற்கு மேல் எழுத எனக்கே தைரியம் வரவில்லை. மூன்றாவதில் ஏதோ ஒரு படத்தின் கண்ணாடிக் கோப்பையில் டார்சியின் முகம் குட்டியாகப் பிரதிபலிக்கிறது. அந்தத் தாளைக் கோழிக்கூட்டில் விரித்துவிட்டேன். கோழிகள் செய்யவேண்டியதைச் செய்தன.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை காலை கேரவனை மாட்டியாயிற்று. வாரன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கொக்கியை இறுக்குகிறேன் என்று பத்து நிமிடமாகக் குனிந்தே கிடக்கிறான். க்ளெனிஸ் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ஆல்ஃப், தபாலெல்லாம் எடுத்து வச்சிருங்க."

"சரிம்மா."

சாவியை நீட்டியவள் பிடியை விடவில்லை. "போற வழியில தாரேங்கிறான் படத்த. தரமாட்டான்னு தெரியுது. ஏதோ ஆயிருக்கு. நான் கேக்கப்போறதில்ல, அவனே சொல்லட்டும்." கேரவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "கண்ண மூடினா தாடியோடதான் வர்றான் ஆல்ஃப். அது இல்லாத மூஞ்சி வரமாட்டேங்குது. நீங்க அன்னைக்குப் பக்கத்துலயே நின்னீங்களே. எப்படி இருந்தான்?"

கொக்கிச் சத்தம் நின்றது. வாரனும் காதைக் கொடுத்துவிட்டான்.

நானும் யோசித்தேன். கறித்துண்டுகள் எத்தனை, எந்தப் பக்கம் கருகியது, எல்லாம் ஞாபகம் வந்தது. இங்கேயே திரும்பிப் பாருங்கள்: கூழைக்கடாவை எழுதினேன், மாவுத் தராசை எழுதினேன், ஒரு மஞ்சள் கிளிப்புக்கு அரைப் பக்கம் கொடுத்தேன். டார்சியின் முகத்துக்கு ஒரு வரி இல்லை. வாரனை இவ்வளவு நேரம் கேலி செய்தவன் நான்.

அன்று தாடி எடுத்துவிட்டு வெளியே வந்தபோது டார்சியின் முகம்

மேலே எழுத வரவில்லை. எதையாவது இட்டுக்கட்டி எழுதலாம், தாடையில் ஒரு குழி, உதட்டோரம் ஒரு தழும்பு. நீங்கள் நம்பிவிடுவீர்கள். அவளும் நம்புவாள், அதையே கதவில் ஒட்டிக்கொண்டு புரூம் வரை போவாள்.

சாவியின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், என்ன சொல்லட்டும்.