ஐந்து புள்ளி ஏழு பேர்

"ஆறு பேர்" என்றான் சமிசோனி.

சேம்பிலையில் இறைச்சியை வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்த லாவினியா, கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் எறிந்தாள்.

விடிந்தால் தேர்வு. தேறினால்தான் அவன் படகில் ஆள் ஏற்ற உரிமம்; இல்லையென்றால் இந்த வருஷமும் படகு துறையில் கட்டித்தான் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு அசமன்பாடு புரியவைக்கிறவளால் கட்டியவன் ஒருவனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

"திரும்பச் சொல்றேன், கேளு. ஓட்டுறவனை விட்டுட்டு, படகு தாங்குறது அறுநூறு கிலோ. அதுக்கு மிஞ்சக் கூடாது. சரக்கு எண்பது, ஆளுக்குத் தொண்ணூறு. எத்தனை பேர ஏத்தலாம்?"

"எண்பதும் தொண்ணூறு எக்ஸும் சேர்ந்து அறுநூறுக்கு மிகாது. எண்பதைக் கழிச்சா ஐநூத்தி இருபது. தொண்ணூறால வகுத்தா அஞ்சு புள்ளி ஏழு சொச்சம்."

"அப்பாடா! ஆக எத்தனை பேரு?"

"ஆறு."

"எப்படிய்யா ஆறு?"

"அஞ்சரையைத் தாண்டிடுச்சுல்ல? ஆறுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

"நீ வெச்சுக்குவே, கடல் வெச்சுக்குமா? ஆறு பேருன்னா அறுநூத்தி இருபது. முழுகித்தான் போவே!"

"இரு இரு. அந்த ஆறாவது ஆளு எங்க அத்தைன்னா? அக்கா முன்னால எங்கப்பாவே வாய் திறக்க மாட்டாரு. நான் போய் 'இறங்கு'ன்னு சொல்வேனா?"

"கணக்குல அத்தை இல்லய்யா!"

"அத்தை ஏறாத படகு டோங்காவுல எது, சொல்லு பாப்போம்."

லாவினியா தலையில் கைவைத்துக்கொண்டாள். படுக்கும்வரை 'மிஞ்சக் கூடாது, மிஞ்சக் கூடாது' என்றே கத்திக்கொண்டிருந்தாள்.

காலையில், பெரிய இடத்துக்குப் போனால் டோங்காக்காரர்கள் மரியாதைக்கு உடுத்தும் பின்னல் பாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் துறைமுக அலுவலகத்துக்குள் போனான். அவள் ஜன்னலோரம் நின்றாள். அதிகாரி கேட்டதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

"அஞ்சு பேர். அதுக்கு மேல ஒருத்தரும் ஏறக் கூடாது" என்றான் சமிசோனி.

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதிகாரியும் டோங்காக்காரர்தானே! "அஞ்சு பேரும் ஏறியாச்சு. இப்ப உங்க அத்தை வந்து நிக்கிறாங்க. என்ன செய்வீங்க?"

போச்சு, என்று லாவினியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தையை ஏத்திக்குவேன். எம்பொண்டாட்டிய இறக்கிவிட்டுடுவேன். அப்பவும் அஞ்சுதானே?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

"பாஸ்!" என்று ஓடிவந்தான் சமிசோனி. "எல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதான்."

"என்னைக் கரையில விட்டுட்டுப் போகச் சொல்லி எப்பய்யா சொல்லிக்குடுத்தேன்?"

"மிஞ்சக் கூடாதுன்னு நேத்தெல்லாம் கத்தினது யாரு?"