பார்ஸ்னிப் முளைக்கிற வரை

காரைக்காலில் மார்கழிக் குளிர் என்பது காலண்டர் தாளில் மட்டும் அடிக்கிற குளிர். அப்பேர்ப்பட்ட ஊரில், மின்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற குணசேகரனும் அவர் மனைவி சொர்ணாம்பாளும் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு போர்வைக்குள் பல் தந்தியடிக்கக் கிடந்தார்கள். படுக்கையறை ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பனியன் ஒன்றைப் போர்த்தி வைத்திருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்காக.

பாக்ஸுக்குள் ஈரமான டிஷ்யூ தாள். தாளின் மேல் இருபத்திரண்டு பார்ஸ்னிப் விதைகள். பார்ஸ்னிப் என்பது கேரட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி ஒரு கிழங்கு; குளிர் தேசத்துச் சரக்கு. எதிர்வீட்டு தௌஹீதின் மகன் பாரிசிலிருந்து வந்தபோது ஒரு பொட்டலம் விதை கொடுத்துவிட்டுப் போனான். நேரே மண்ணில் தூவினால் நம் சூட்டில் வெந்துபோகும். வீட்டுக்குள் குளிர்ச்சியில் முளைகட்டி, நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்ததும் வெளியே நட வேண்டும். அதற்காக மொட்டைமாடியில் மணல் நிரப்பிய ஆறு பிவிசி குழாய்கள் பீரங்கி மாதிரி வானத்தைப் பார்த்து நின்றன.

"கடற்கரையில பார்ஸ்னிப் போட்ட மொத ஆளு இந்தியாவுலயே நாந்தான். போலகத்துலேந்து பாண்டி வரைக்கும் பஸ் வச்சு வந்து பாத்துட்டுப் போவான் பாரு" என்றார் குணசேகரன்.

"மொதல்ல மொளைக்கட்டும் குணா. பஸ்ஸ அப்பறம் விடலாம்" என்றார் தௌஹீத்.

குணசேகரன் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. அவருடைய இதயத்தில் அடைப்பு. டாக்டர் சொன்னது மூன்று இடம். டீக்கடைக்கு வருவதற்குள் அது ஐந்தாகி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஏழாகியிருந்தது. அதையெல்லாம் ஊருக்கே சொல்லியாகிவிட்டது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. விதை போட்டதிலிருந்து இருபதாம் நாள் காலை கிளம்ப வேண்டும். சொல்லாதது வேறு. முதல் நாள் பாக்ஸின் மூடியை அழுத்தும்போது, கூப்பிடாமலே ஒரு நினைப்பு வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இது முளைத்தால் போவது. முளைக்காவிட்டால் அந்த ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுப்பதில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், இந்த மாதிரி நினைப்புகளை ஊரெல்லாம் கேலி செய்து வயிறு வளர்த்தவர் அவர். சொர்ணாம்பாள் அம்பகரத்தூர்க்காரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்தாள். இருட்டறையில் சட்டியில் தானியம் முளைக்கவைத்து, தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் விடுவார்கள். மற்ற பெண்களின் சட்டியிலெல்லாம் முழ உயரம் முளைத்து நின்றது. அவளுடையது அழுகியது. அந்த மாதமே அவளுடைய அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "தண்ணி கூடிப்போச்சு சொர்ணம். வேறொண்ணும் இல்ல" என்றார் அப்போது குணசேகரன். அதற்குப் பிறகு அவள் சட்டியைத் தொடவில்லை.

ஆறாம் நாள் அவள் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் பைய எடுத்து வைக்கவாங்க?"

"மொளைக்கட்டும். வைக்கலாம்."

பத்தாம் நாள், "போன் பண்ணாங்க. வர்றோம்னு சொல்லிடவா?"

"மொளைக்கட்டுங்கறேன்ல."

அவள் அவரைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைப் பார்த்தாள். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பன்னிரண்டாம் நாள் தௌஹீத் வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். விதைப் பொட்டலத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுபோனார்.

"என்னாடா?"

"ஒண்ணுமில்ல. எம் பய கடையில எங்கயோ மூலையில கெடந்தத எடுத்தாந்துட்டான் போல. மூணு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டுருக்கு."

"அதனால என்னா?"

"இந்த விதைக்கு ஆயுசு ஒரு வருஷந்தான்னு எழுதிருக்கான் குணா."

வாசற்படியில் டீயோடு நின்று கேட்ட சொர்ணாம்பாள் உள்ளே வந்து டம்ளர்களை வைத்தாள்.

"தேதி விதைக்கா தெரியப்போவுது? மொளைக்கும், இன்ஷா அல்லா" என்று தௌஹீத் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கொதிக்கிற டீ. நாக்கு வெந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவே குணசேகரனுக்குக் கூசியது. பதினான்காம் நாள் மழையில் ஆறு மணி நேரம் மின்சாரம் நின்றது. முப்பத்தொரு வருஷம் தான் வேலை பார்த்த துறையை, தான் இருந்த நாற்காலி உட்பட, தனித்தனியாகப் பெயர் சொல்லித் திட்டினார். பதினைந்தாம் நாள் ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. தெருவுக்கே லட்டு வாங்கப் போகிற வேகத்தில் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பூஞ்சணம். மூடியைத் திறந்ததும் எழுந்த வாடை, மழையில் நனைந்து கட்டிலுக்கடியில் மறந்துபோன செருப்பின் வாடை. அதற்குப் பிறகு அவர் பாக்ஸைத் திறக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்வதற்கு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். படுத்தால் இதயம் துடிப்பது கட்டில் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, அலமாரியில் ஏறி, டிபன் பாக்ஸில் தட்டுகிற மாதிரி இருந்தது.

இருபதாம் நாள் விடியலில் எழுந்து கண்ணாடியைத் தேடினார்.

"பையில வச்சிட்டேங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

"பைய யாரு எடுத்து வைக்கச் சொன்னா?"

"மொளைச்சிருக்கான்னு பாருங்க மொதல்ல."

திறந்தார். புது டிஷ்யூ தாள் மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது உள்ளே. அதன் மேல் ஆறு முளைகள். நூல் வேர், வெளிறிய தண்டு, உச்சியில் ஒல்லியாக இரண்டிரண்டு இலை. குணசேகரனுக்கு மூச்சு வரவில்லை. அப்புறம் வந்தது, இருபது நாளுக்கும் சேர்த்து.

"பாத்தியா. சொன்னேன்ல."

"சொன்னீங்க."

மொட்டைமாடிக்கு ஓடி, தீக்குச்சியால் மணலில் குழி பறித்து, ஆறு குழாயிலும் ஆறு முளையை நட்டார். வாடகைக் கார் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து தௌஹீத் கையசைத்தார். குணசேகரன் ஆறு விரலைக் காட்டினார், போதாதென்று பத்தாக்கினார்.

தரங்கம்பாடி தாண்டியதும் மூக்கு அரித்தது. மூக்குக்குக் கொண்டுபோன விரல் அங்கேயே நின்றது. மறுபடி மோந்தார். கட்டைவிரலை, ஆள்காட்டி விரலை, தனித்தனியாக. ரசம் இறக்கிவைக்கும்போது அடுப்படியிலிருந்து வருகிற வாசனை. கொத்தமல்லி.

கொத்தமல்லி முளைக்க எப்படியும் எட்டு நாள் வேண்டும். இருபதில் எட்டைக் கழித்தார். பன்னிரண்டு. தௌஹீத் பொட்டலத்தைப் படித்த அன்றைக்கே இவள் அடுப்படியில் எங்கோ ஊறப்போட்டிருக்கிறாள். அப்படியானால் அந்த இருபத்திரண்டும்?

வண்டியைத் திருப்பு என்று சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் சொர்ணாம்பாள் கைப்பையை மடியில் வைத்து, உள்ளே உயிருள்ள ஏதோ இருக்கிற மாதிரி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். சீர்காழி வரை அந்தக் கை தளரவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கொள்ளிடம் பாலம் வந்தது. "தம்பி, ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துங்க" என்றாள் டிரைவரிடம்.

இறங்கிப் போனாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுத்தாள். அவருடைய பழைய பனியன் துணி. கைப்பிடிச் சுவருக்கு மேலாக நீட்டி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, விட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து கையை முந்தானையில் துடைத்தாள். மழையில் நனைந்த செருப்பின் வாடை காருக்குள் வந்து போனது.

"என்னா அது சொர்ணம்?"

அவள் நேரே ரோட்டைப் பார்த்தாள். "தண்ணி கூடிப்போச்சுங்க. வேறொண்ணும் இல்ல."

குணசேகரன் இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். கரை புரள ஓடிக்கொண்டிருந்தது ஆறு. அந்தச் சுழலில் மூட்டை முங்கவில்லை. பாலத்துக் காலில் மோதி, சுற்றி, மறுபடி அதே இடத்துக்கு வந்து மோதிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, "வண்டிய எடு தம்பி" என்றார்.