அப்படி ஒரு கட்டளை இல்லை

அவள் எஃப் பதினொன்று விசையை அழுத்தியதும் திரையிலிருந்த படங்களும் பட்டைகளும் மறைந்து, கணினி முழுக்கக் கறுப்பானது. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் கண்ணால் காட்டினார். கட்டைவிரல் உயரத்துக்கு வரும்வரை அவள் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"போதுமாங்க?"

தலையசைத்தார். விசைப்பலகையை ஒரு தலையணைமேல் வைத்து அவர் மடிக்கு நகர்த்தினாள்.

தொண்டையில் வந்த புற்று, போன வருடம் அவர் குரலை எடுத்துக்கொண்டது. பிறகு கை நடுங்க ஆரம்பித்து, மவுஸ் பிடிக்க முடியாமல் போனது. சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படியொரு கறுப்புத் திரைக்கு முன்னால் கட்டளைகளைத் தட்டியே காலம் கழித்தவர். இப்போது அதே திரையில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி மனைவியோடு பேசினார். ஒவ்வொரு வரிக்கும் கணினி, அதன் முதல் வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பதில் போடும். தண்ணீர் என்றால் தண்ணீர் இல்லை. வலி என்றால் வலி இல்லை.

"வலி இல்லையாமே! இது கண்டுச்சா?" என்று முதல் நாள் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் இயந்திரம் வாயை மூடிக்கொள்ளும் என்பது பல வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. அப்புறம் ஏன் போடவில்லை என்று கேட்டாள்.

நீ சிரிக்கிறியே, என்று தட்டினார்.

இன்று காலையிலிருந்து விரல்கள் விசையைத் தேடித் தேடித்தான் தொட்டன. மூச்சு உள்ளே போவது தெரிந்தது. வெளியே வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மதியம் அவருடைய அக்கா வந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். இந்த வீட்டில் ஜன்னல் திரை என்ன நிறம் என்பதுகூட அவர் சொன்னதுதான். இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறையும் மறுத்துப் பேசியதில்லை.

"மூச்சு இப்படி இழுக்குது, நீ இவனைக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார வச்சிருக்கியே! ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். துணி எடுத்து வை."

அவர் விரல் நகர்ந்தது. அக்கா உட்காரு.

உடனே பதில் வந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அக்கா படித்தார். "என்னது? அக்கா இல்லைங்குதா?"

"அது எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லும், அண்ணி."

"நல்லா சொல்லும். நானே இல்லைன்னா இவன் ஏது?"

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. மறுபடி தட்டினார். நெடுநேரம் ஆனது. ஆஸ்பத்திரி வேண்டாம். வீடு.

அக்கா திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். "அவன் ஆயிரம் சொல்லுவான். சின்ன வயசுல ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான். நீ சொல்லும்மா. பொண்டாட்டி நீதானே?"

போனால் ஒரு குழாய் வைப்பார்கள், சில நாள் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில நாள் என்பது அவளுக்கும் வேண்டியிருந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் கெஞ்சவில்லை. அவள் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார்.

"இங்கேயே இருக்கட்டும், அண்ணி."

"யோசிச்சுத்தான் பேசுறியா? நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். நீங்க என்னைச் சொல்லிக்குங்க."

அக்கா வாசலுக்குப் போனார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று போனில் சொல்லும் குரல், யாரையோ திட்டுவதுபோல் கேட்டது. திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தம்பியின் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நகம்கூட வெட்டிவிடல பாரு" என்றார். அவள் நகவெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

மாலை வெளிச்சம் தரையில் நீண்டபோது அவர் கண் திறந்து விரலை நகர்த்தினார். காபி அக்காவுக்கு.

காபி: அப்படி ஒரு கட்டளை இல்லை.

"அதுக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுதுல்ல. இதோ" என்று அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பால் பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்றாள். சர்க்கரை பாதி போட்டால் போதும், அண்ணிக்கு ஆகாது.

தம்ளரோடு திரும்பியபோது அக்கா குனிந்தபடியே சொன்னார். "கால் சில்லுன்னு இருக்கும்மா. அந்தப் போர்வையை எடு."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். மூச்சு வெளியே வருவதற்குக் காத்திருந்தாள்; வரவில்லை. காபியை மேசையில் வைத்தாள். போர்வையை எடுத்துவந்து, அக்காவின் மடியும் சேர்ந்து மூடும்படி பாதங்களின்மேல் விரித்தாள். பிறகு அக்காவின் தோளில் கை வைத்தாள்.

"அண்ணி."

அக்கா நிமிரவில்லை. போர்வைக்கு அடியில் அக்காவின் கைகள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

"சூடு வந்துரும்" என்றார். "இரு, வந்துரும்."

வெளியே மழை பிடித்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அது தெரிந்திருந்தது. கடைசியில் அக்காதான் எழுந்து, பாதங்களை மெல்ல மெத்தையில் இறக்கிவிட்டுப் படியேறினார். நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, அவற்றிலிருந்து தம்பியின் நீலச் சட்டையைத் தனியே உருவி, ஈரத்தைப் பிழிந்து, நாற்காலி முதுகில் போட்டார். கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் நீவி நேராக்கினார்.