தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அப்பாவின் விறைத்த கையைக் கால்பந்து கிளப் சட்டைக்குள் நுழைக்கும்போதுதான் மகள் அதன் முதுகிலிருந்த எண்ணைப் பார்த்தாள். பதினேழு. அப்பா ஆடிய காலம் முழுக்கப் போட்டது மூன்று.

"சார், நம்பர் தப்பா இருக்கு."

கிளப் செயலாளர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர், இன்று போட்டோகிராபரோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

"மூணு இப்ப புதுசா வந்த பிளேயர்கிட்ட இருக்கும்மா. படுத்துத்தானே இருக்காரு, முதுகு யாருக்குத் தெரியப் போகுது?"

மகள் சட்டையை உருவி நாற்காலியில் எறிந்தாள். பீரோவிலிருந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள்.

அவளுக்கு அப்பாமேலும் கோபம்தான். பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டபோது, இந்தக் கிளப் தலைவர் தோளில் கைபோட்டு, "நீ நம்ம ரத்தம்டா" என்றாராம். அப்பா அதிலேயே உருகி, இங்கேயே இருந்துவிட்டார். ரெண்டு முட்டியும் தேய்ந்த பிறகு அந்த ரத்தத்துக்குக் கிடைத்தது, தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. பாதி மைதானம்தான் தெரியும். அதற்கும் முகம் மழித்துக்கொண்டு கிளம்புவார். "உங்களுக்குச் சொரணையே கிடையாதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "நல்லா ஆடறாங்கம்மா" என்பார்.

செயலாளர் அம்மாவிடம் போய்க் கைகூப்பினார். "எத்தனை கோல் போட்ட கால், அண்ணி!"

"அவர் பின்னாடி நின்னு தடுக்கறவர்," என்றாள் அம்மா. "ஆயுசுக்கும் ஒரே கோல்தான் போட்டாரு. அதையும் நம்ம கோல்லயே போட்டாரு."

போட்டோகிராபர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சாயங்காலம் மேட்ச்சுக்கு முன்னாடி, கிரவுண்டுல கொஞ்ச நேரம் வெச்சிருந்து..."

"ஒண்ணும் வேண்டாம். உங்க விளம்பரத்துக்கு எங்கப்பா பொணம்தான் கெடச்சுதா?"

"கொண்டுபோகட்டும்," என்றாள் அம்மா.

"அம்மா!"

"உனக்கும் எனக்கும் இவங்க மூஞ்சியே ஆகாது. அவருக்குப் பிடிச்சிருந்துச்சே, என்ன பண்றது?"

செயலாளர் அதற்கும் தலையாட்டினார், ஏதோ பாராட்டு வாங்கியதைப்போல.

சாயங்காலம் எல்லைக்கோட்டுக்கு வெளியே மேஜைபோட்டு, அப்பாவைக் கிடத்திய பெட்டியை வைத்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒலிபெருக்கி இரங்கல் சொல்லி முடித்த அதே மூச்சில் டயர் விளம்பரத்துக்குத் தாவியது. ஆட்டக்காரர்கள் பயிற்சியை நிறுத்தவில்லை. செயலாளர் எந்தப் பக்கம் நின்றால் படத்தில் கிளப் கொடி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எவனோ உதைத்த பந்து ஒன்று உருண்டு வந்து அம்மாவின் நாற்காலியருகே நின்றது.

"ஆன்ட்டி, பால்!"

மகள் குனியப் போனாள். அதற்குள் அம்மா செருப்பைக் கழற்றி, வெறுங்காலைப் பந்தின்மேல் வைத்தாள்.

"ஆன்ட்டி!"

அம்மா பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை எடுக்கவில்லை.