நாற்பத்தெட்டு பாகம்

பேருந்துப் பணிமனையில் அவரை 'இன்ஜின் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வாசலில் நுழையும்போதே, திரும்பிக்கூடப் பார்க்காமல், எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தபோது, இரண்டு காதும் போயிருந்தன. நரம்பே செத்துவிட்டது, கருவி வைத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பணிமனையில் இரக்கப்பட்டு, ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அவள் சீருடைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே காலர் தைத்துக் கொடுப்பவள். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஒரு நாள் நோட்டு தீர்ந்துபோனது. புதியதை எடுப்பதற்கு முன் பழையதைச் சும்மா புரட்டினாள். 'டீ ஆறுது.' 'மாத்திரை போட்டாச்சா?' 'தண்ணி வரல.' பக்கத்துக்குப் பக்கம் இதேதான். இருபத்தாறு வருஷம் வாய் ஓயாமல் பேசிச் சிரித்து சண்டை போட்டவர்களின் எட்டு மாதப் பேச்சு இவ்வளவுதானா?

அன்றைக்கே மகளிடம் போனில் சொல்லி அழுதாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு வழி சொன்னாள்.

"அம்மா, ஜப்பான்காரங்க எடுத்த சீரியல் ஒண்ணு இருக்கு. ராஜா காலத்துக் கதை. கீழ நம்ம மொழியில எழுத்து ஓடும். அதைப் பாருங்களேன்."

"ஜப்பானா? எனக்கு என்னடி புரியும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். அப்பாவுக்குக் கேக்காது, உனக்குப் புரியாது. ரெண்டு பேரும் எழுத்தைத்தான் படிச்சாகணும்."

"எத்தனை நாள் ஓடும்?"

"நாப்பத்தெட்டு பாகம்."

அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் அவர் வந்ததும் நோட்டில் எழுதி நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"நாப்பத்தெட்டா?" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். "சரி, வேற என்ன வேலை வெட்டிமுறிக்கிறோம். பாத்துத்தான் வைப்போமே."

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கோட்டை, குதிரைகள், நோயில் கிடக்கும் கிழட்டுப் பிரபு, அவர் எப்போது கண்ணை மூடுவார் என்று காத்திருக்கும் மூன்று மகன்கள். "எல்லாரும் ஒரே மாதிரி குடுமி போட்டிருக்கான், இதுல மூத்தவன் எவன்?" என்று அவர் கேட்க, அவள் எழுதிக் காட்டுவதற்குள் நாலு வரி ஓடிவிட்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்த்தார்கள்.

இரண்டாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. திரையில் வெறும் தோட்டம். ஆனால் இசை மாறியதும் ஏதோ விபரீதம் என்று அவள் முகம் சுருங்கியது. திரும்பினால், அவர் டிவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், அவருக்குத் தெரியாமல் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டாள். இனி இருவருக்கும் ஒரே கணக்கு என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்தவர், போகிற போக்கில் டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். ஓடுகிற எதையும் தொட்டுப் பார்க்கிற தொழில் பழக்கம். அதிர்வே இல்லை. கை அங்கேயே நின்றது.

"சத்தம் இல்லையா இதுல?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எனக்குத் துணையா நீயும் செவிடாகப் போறியா?"

அவள் அவசரமாகப் பென்சிலை எடுத்தாள். அவர் நோட்டை மூடி மேஜையில் வைத்தார்.

"எழுதாத. நீ என்ன எழுதப் போறேன்னு எனக்குத் தெரியும்." ரிமோட்டை அவளே எடுக்கும்வரை நின்றார். "சத்தத்தை வை. நீயாவது கேளு."

அவள் வைத்தாள். யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் அழுதுகொண்டிருந்தாள். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகும் மூன்று நாள் வந்து உட்கார்ந்தார், அவள் மனம் கோணக்கூடாதென்று. ஏழாம் பாகத்துக்கு வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. தனியாகப் பார்த்தாள். சாப்பிடும்போது, "அந்தக் கிழவன் செத்தானா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவாள். "கெட்டி உசுரு," என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் டிவியைப் போடுவாள்.

கிழவர் பதினான்காம் பாகத்தில் செத்தார். அன்று அவள் ஆமாம் என்று தலையாட்டியதும், அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்து மூன்றோடு அவளும் விட்டுவிட்டாள். எந்த மகன் பட்டத்துக்கு வந்தான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் போனில் விசாரித்தபோது, "பாத்துட்டுதான் இருக்கோம்மா, நல்லாத்தான் போகுது," என்று சொல்லிவிட்டு, தைக்க வேண்டிய காலர்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.